நெஞ்சைத் திறக்காமல் நெஞ்சைப் பார்ப்பது

கரூரிலிருந்து ஒரு சகோதரி நான்கு பக்கத்துக்குக் கடிதம் எழுதியிருக்கிறார். அவருடைய மாமனார் 44 வயதில் போய்விட்டாராம். கொழுந்தனார் போன வருஷம், 39 வயதில். இரண்டு பேருமே படுக்கையில் கிடந்து போகவில்லை, நடமாடிக்கொண்டிருந்தபோதே சாய்ந்தவர்கள். "இருதயத்துக்கு ஜீன் மருந்து வந்துவிட்டதாமே, என் பையனுக்குக் கிடைக்குமா? உள்ளே போன மருந்து வேலை செய்கிறதா என்று எப்படித் தெரிந்துகொள்வார்கள்? நெஞ்சைக் கிழித்துப் பார்ப்பார்களா?" என்று கேட்டிருக்கிறார். பையனுக்குப் பதினான்கு வயது.

கஷாயமும் கால் வெடிப்பும் எழுதுகிற பக்கத்தில் இது பெரிய விஷயம்தான். நான் எஸ்.எஸ்.எல்.சி.யோடு நின்றவள். ஆனால் இதே கேள்வி எங்கள் வீட்டில் நான்கு வருஷமாக உட்கார்ந்திருக்கிறது. டாக்டர்களிடம் கேட்டும், பெண்ணை விட்டுப் படிக்கச் சொல்லியும் நான் தெரிந்துகொண்டதைச் சொல்கிறேன்.

என் கணவரின் அண்ணா, எங்களுக்கெல்லாம் பெரியவர், காலையில் பால் பாக்கெட் வாங்கிக்கொண்டு சித்திரை வீதியில் வந்துகொண்டிருந்தவர், அப்படியே திண்ணையில் சாய்ந்தார். வயது 47. சர்க்கரை கிடையாது, சிகரெட் கிடையாது, வெற்றிலை கூடப் போடமாட்டார். "மாரடைப்பு" என்று ஊரே சொல்லிற்று. பத்து நாள் கழித்து பீரோவில் ஒரு பழைய எக்கோ ரிப்போர்ட் கிடைத்தது. மூச்சு வாங்குகிறது என்று இரண்டு வருஷம் முன்னால் எடுத்தது போலிருக்கிறது. மன்னியிடம் கூடச் சொல்லவில்லை. அதைத் தில்லைநகரில் ஒரு டாக்டரிடம் காட்டினோம். "இது அடைப்பு இல்லையம்மா. இருதயத்தின் தசைச் சுவர் தடித்துப்போகிற வியாதி. வம்சத்தில் வரும். கூடப் பிறந்தவர்கள், பிள்ளைகள் எல்லோரும் எக்கோ பார்த்துக்கொள்ளுங்கள்" என்றார்.

அடைப்புக்கும் தடிப்புக்கும் உள்ள வித்தியாசத்தை நம்மில் பலர் அறிவதில்லை. அடைப்பு என்பது இருதயத்துக்கு ரத்தம் கொண்டுபோகிற குழாயில் கொழுப்பு படிவது. இது அப்படியில்லை. குழாய் சுத்தமாக இருக்கும். சுவரே தடித்து, விறைத்து, உள்ளே இடம் குறைந்துவிடும். தடித்த தசைக்குள் மின்சாரம் தாறுமாறாக ஓடினால் இருதயம் துடிக்கத் தெரியாமல் வெறுமனே நடுங்கும். ஓடியாடுகிற வயசுப் பிள்ளைகள் மைதானத்தில் விழுகிறார்களே, அதற்கு இது ஒரு முக்கியமான காரணம். தகப்பனுக்கோ தாய்க்கோ இந்தக் குறை இருந்தால், ஒவ்வொரு பிள்ளைக்கும் வருவதற்குப் பாதிக்குப் பாதி வாய்ப்பு. ஆணா பெண்ணா என்று பார்க்காது.

ஆக, மன்னியின் பிள்ளைக்கு மட்டுமல்ல; என் கணவருக்கும் இருக்கலாம், இருந்தால் என் பெண்ணுக்கும் இருக்கலாம். அந்த ஒரு வாரம் நான் சாம்பாருக்கு உப்புப் போட்டேனா இல்லையா என்றே தெரியாமல் சமைத்தேன்.

மூவரையும் ஒரே நாளில் அழைத்துக்கொண்டு போனோம். ஸ்ரீரங்கத்திலிருந்து 1-ம் நம்பர் பஸ், சத்திரத்தில் இறங்கி ஆட்டோ. எக்கோ என்றால் என்னவோ ஏதோ என்று பயப்படுகிறவர்களுக்காக விவரமாகச் சொல்கிறேன். பெரும்பாலும் வெறும் வயிற்றில் போகவேண்டியதில்லை. ஊசி கிடையாது, எக்ஸ்ரே கதிர் கிடையாது. இடது பக்கம் ஒருக்களித்துப் படுக்கச் சொல்வார்கள். மார்பில் குளுகுளுவென்று ஜெல்லைத் தடவி, சோப்புக் கட்டி அளவில் ஒரு கருவியை வைத்து அழுத்துவார்கள். இருபது நிமிஷம். பெண்கள் முன்பக்கம் திறக்கிற ரவிக்கை அணிந்து போனால் சௌகரியம். பெண் டாக்டரோ பெண் டெக்னீஷியனோ வேண்டுமென்று கேட்கத் தயங்க வேண்டாம். வயசுப் பெண்ணை அழைத்துப் போகும்போது நான் கேட்டேன், ஏற்பாடு செய்தார்கள்.

என் கணவர் திருவெறும்பூர் பி.எச்.இ.எல்.லில் வேலை பார்க்கிறவர். பாய்லர் குழாய்களில் வெல்டிங் சரியாகப் பற்றியிருக்கிறதா, உள்ளே கீறல் உண்டா என்று ஒலி அலையை விட்டுப் பார்க்கிற பிரிவு. ஜெல்லைத் தடவியதுமே சிரிக்க ஆரம்பித்துவிட்டார். "இருபத்தஞ்சு வருஷமா நான் பாய்லருக்குப் பண்ணிண்டிருக்கறதை இன்னிக்கு எனக்குப் பண்றா!" என்றார்.

விளையாட்டுப் பேச்சில்லை, உண்மையே அதுதான். ஸ்வீடன் தேசத்தில் லுண்ட் நகரத்தில் இங்கே எட்லர் என்று ஒரு இருதய டாக்டர். கார்ல் ஹெல்முத் ஹெர்ட்ஸ் என்று ஒரு பௌதிக விஞ்ஞானி. பக்கத்து ஊரான மால்மோவின் கப்பல் கட்டும் தளத்தில், இரும்பில் விரிசல் பார்க்கிற ஒலிக் கருவி இருந்தது. ஹெர்ட்ஸ் அதை இரவல் கேட்டு வாங்கித் தன் மார்பிலேயே வைத்துப் பார்த்தாராம். 1953 அக்டோபர் 29-ந்தேதி அந்த இருவரும் இருதயத்தின் அசைவை முதன்முதலாகப் பதிவு செய்தார்கள். நம் காதுக்கு வினாடிக்கு 20,000 அதிர்வுக்கு மேல் கேட்காது. இந்தக் கருவி அனுப்புவது வினாடிக்கு 20 லட்சம், 50 லட்சம் அதிர்வுகள். சுவரில் பட்டுத் திரும்பி வருகிற எதிரொலியைக் கொண்டு சுவரின் தடிமனை அளக்கிறார்கள். பாய்லருக்கும் அதேதான்.

ரிப்போர்ட்டில் நீங்கள் பார்க்கவேண்டியது இரண்டு எண்கள். ஒன்று, இடது கீழறையின் சுவர்த் தடிமன். பெரியவர்களுக்கு 11 மில்லிமீட்டர் வரை சாதாரணம். 15-ம் அதற்கு மேலும் போனால், அதற்கு ரத்தக்கொதிப்பு மாதிரி வேறு காரணமும் இல்லையென்றால், இந்த வியாதி என்கிறார்கள். வீட்டில் ஏற்கெனவே ஒருவருக்கு இருந்தால் 13 வந்தாலே யோசிப்பார்கள். சின்னப் பிள்ளைகளுக்கு உடம்பின் அளவை வைத்துக் கணக்கு மாறும். இன்னொரு எண், ஒவ்வொரு துடிப்பிலும் எத்தனை சதவீதம் ரத்தம் வெளியே போகிறது என்பது. 55-லிருந்து 70 வரை இருக்கும். இந்த இரண்டாவது எண்ணை மட்டும் பார்த்து "நார்மல்" என்று ஒரே வரியில் எழுதிக் கொடுத்தால் வாங்கிக்கொண்டு வந்துவிடாதீர்கள். தடிப்பு வியாதியில் அந்த எண் நன்றாகவே இருக்கும், சிலருக்குக் கூடுதலாகக்கூட இருக்கும். சுவர் எத்தனை மில்லிமீட்டர் என்று எழுதித் தரச் சொல்லுங்கள்.

என் கணவருக்கு 10. பெண்ணுக்குச் சரியான அளவு. மன்னியின் பிள்ளைக்கு 17.

அவனுக்கு அப்போது பத்தொன்பது வயது. கல்லூரியில் நானூறு மீட்டர் ஓடுகிறவன். டாக்டர் போட்டி ஓட்டம் வேண்டாம் என்றதும், அவன் ஒன்றும் பேசவில்லை. திரும்பி வரும்போது காவிரிப் பாலத்தில் பஸ் நின்ற நேரத்தில், "சித்தி, எனக்கு ஒண்ணுமே பண்ணலியே. மூச்சுகூட வாங்கலியே" என்றான். மன்னி ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

பிறகு எம்.ஆர்.ஐ. எடுக்கச் சொன்னார்கள். எக்கோ சுவரை அளக்கும், எம்.ஆர்.ஐ. அந்தச் சுவருக்குள் தழும்பு விழுந்திருக்கிறதா என்று காட்டும். கையில் ஒரு மருந்தை ஏற்றி, கொஞ்ச நேரம் கழித்துப் படமெடுத்தால், தழும்பு உள்ள இடம் மட்டும் வெள்ளையாகத் தெரியும். தழும்பு அதிகமிருந்தால் ஆபத்தும் அதிகம். முக்கால் மணி, ஒரு மணி நேரம் குழல் மாதிரி இடத்துக்குள் படுத்து, சொன்னபோது மூச்சை நிறுத்த வேண்டும். டமடமவென்று சத்தம் காதைப் பிளக்கும், காதுக்கு அடைப்பான் கொடுப்பார்கள். காந்தம் என்பதால் உலோகம் எதுவும் உடம்பில் கூடாது. அங்கே ஒரு அம்மாள் தாலிச் சரட்டைக் கழற்ற மனமில்லாமல் அழுதுகொண்டிருந்தார். முன்னாலேயே தெரிந்திருந்தால், வீட்டிலேயே மஞ்சள் கிழங்கை முடிந்து கயிறு கட்டிக்கொண்டு போயிருப்பார். உங்களில் யாருக்காவது எம்.ஆர்.ஐ. எழுதியிருந்தால் இதை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள்.

சரி, ஜீன் சமாசாரத்துக்கு வருகிறேன். நம் தென்னாட்டுக்கு இதில் தனி சம்பந்தம் உண்டு. மதுரை காமராஜர் பல்கலைக்கழகத்தில் ஆராய்ச்சி செய்த பெருந்துறை தண்டபாணியும், ஐதராபாத் சி.சி.எம்.பி. ஆராய்ச்சிக்கூடத்து குமாரசாமி தங்கராஜும் மற்றவர்களும் சேர்ந்து 2009-ல் ஒரு செய்தியை வெளியிட்டார்கள். இருதயத் தசை நார்களைச் சேர்த்துப் பிடித்து வைக்கிற ஒரு புரதம் இருக்கிறது. அதற்கான மரபணுவின் பெயர் எம்.ஒய்.பி.பி.சி.3. இருபதாயிரத்துக்கு மேற்பட்ட எழுத்துகள் கொண்ட அந்த மரபணுவில் 25 எழுத்துகள் விட்டுப்போன ஒரு குறை, இந்தியாவில் நூற்றுக்குச் சுமார் நான்கு பேரிடம் இருக்கிறதாம்! அவர்களுக்கு இருதயம் தளருகிற வாய்ப்பு மற்றவர்களைவிட ஏறக்குறைய ஏழு மடங்கு என்று கணக்கிட்டார்கள். சிக்குக் கோலத்தில் ஓரத்தில் ஒரு வரிசைப் புள்ளி விட்டுப்போனால், கம்பி எங்கேயோ போய் முட்டிக்கொள்ளுமே, அந்த மாதிரி.

இதைப் படித்துவிட்டு யாரும் தூக்கத்தைக் கெடுத்துக்கொள்ள வேண்டாம். குறை உள்ளவர்களில் பெரும்பாலோர் நன்றாகத்தான் இருக்கிறார்கள். அமெரிக்காவில் குடியேறிய நம்மவர்களைப் பரிசோதித்து 2018-ல் வந்த ஒரு ஆராய்ச்சி, 25 எழுத்துக் குறையோடு கூடவே அதே மரபணுவில் இன்னொரு மாற்றமும் உள்ளவர்களுக்குத்தான் எக்கோவில் மாறுதல் தெரிகிறது என்றது. அப்படிப்பட்டவர்கள் அந்தக் குறை உள்ளவர்களில் பத்தில் ஒருவர் போல. ஆகவே விளம்பரத்தைப் பார்த்துவிட்டு எச்சிலைத் துப்பி அனுப்பி மரபணு சோதனை செய்துகொள்வது எனக்குச் சரியாகப் படவில்லை. வியாதி வந்தவருக்கு முதலில் சோதனை செய்து, எந்த எழுத்து தவறியிருக்கிறது என்று கண்டுபிடித்த பிறகு, அதையே மற்றவர்களிடம் தேடுவதுதான் முறை.

அந்தத் தவறிய எழுத்தைத் திருத்தத்தான் ஜீன் சிகிச்சை. நமக்கு வியாதி எதுவும் தராத ஒரு குட்டி வைரஸின் உள்ளிருப்பதைக் காலி செய்துவிட்டு, சரியான மரபணுவை வைத்து, ரத்தத்தில் ஏற்றி விடுவார்கள். அது இருதயத்துக்குப் போய்ச் சேர்ந்து, செல்லுக்குள் நுழைந்து, புரதத்தைத் தயாரிக்க வேண்டும். இங்கேதான் கரூர் சகோதரியின் கேள்வி வருகிறது. போய்ச் சேர்ந்ததா என்று எப்படித் தெரியும்?

நம் வேலூர் சி.எம்.சி.யில் ஹீமோஃபிலியா என்கிற ரத்தம் உறையாத வியாதிக்கு ஐந்து பேருக்கு ஜீன் சிகிச்சை செய்து, 2024 டிசம்பரில் அந்த விவரம் வெளிவந்தது. ஐந்து பேருக்கும் அதன் பிறகு ரத்தக்கசிவே இல்லை. அங்கே பலனைத் தெரிந்துகொள்வது சுலபம். ரத்தத்தை எடுத்துச் சோதித்தால் குறைந்திருந்த சத்து ஏறியிருக்கிறதா என்று தெரிந்துவிடும். இருதயத் தசை ஊசிக்குள் வந்து உட்காருமா? கழுத்து நரம்பு வழியாகக் கம்பியை விட்டு, உள்ளிருந்து கடுகளவு சதையைக் கிள்ளி எடுத்துப் பார்க்கலாம். பார்க்கிறார்கள். ஆனால் அதை மாதாமாதம் செய்ய முடியாது. கிள்ளிய இடத்தில் மருந்து இருந்தால் மற்ற இடத்திலும் இருக்கும் என்று நிச்சயமும் இல்லை. பானைச் சோற்றுக்கு ஒரு பருக்கை போதும், இருதயத்துக்குப் போதாது.

இந்தச் சந்தேகம் எத்தனை முக்கியமானது என்பதற்கு ஒரு கதை. இருதயம் தளர்ந்தவர்களுக்கு, செல்லுக்குள் சுண்ணாம்புச் சத்தை இறைக்கிற மரபணு ஒன்றை இருதயக் குழாய் வழியே செலுத்திப் பார்த்தார்கள். 39 பேருக்குச் செய்து 2011-ல் நல்ல பலன் என்றார்கள். உலகமே நிமிர்ந்து உட்கார்ந்தது. பிறகு 250 பேரை வைத்துப் பெரிய அளவில் செய்தார்கள். 2015-ல் முடிவு வந்தது: வெறும் தண்ணீர் மருந்து ஏற்றிக்கொண்டவர்களுக்கும் இவர்களுக்கும் வித்தியாசமில்லை. ஏன்? கிடைத்த சில சதைத் துணுக்குகளைப் பார்த்தபோது, மரபணு தசைக்குள் மிகக் கொஞ்சமாகத்தான் போயிருந்தது. மருந்து தப்பா, போகவே இல்லையா என்பதை உயிரோடிருக்கும் இருதயத்தில் பார்க்க வழி இருந்திருந்தால் எத்தனை பேருடைய நம்பிக்கையும் காலமும் மிச்சமாகியிருக்கும்!

அப்படிப் பார்க்க வழி தேடியவர்களில் ஒருவர் நம் நாட்டில் பிறந்தவர். சஞ்சீவ் கம்பீர். 1962-ல் அம்பாலாவில் பிறந்து, சிறு வயதிலேயே பெற்றோருடன் அமெரிக்கா போனவர். பின்னாளில் ஸ்டான்ஃபோர்டில் பேராசிரியர். அவரும் ஜோசப் வூவும் மற்றவர்களும் 2002-ல் எலியின் இருதயத்தில் ஒரு யுக்தி செய்து காட்டினார்கள். வைரஸுக்குள் ஒரு வேவுகாரனை உட்கார வைத்தார்கள். அதுவும் ஒரு மரபணுதான். அது வேலை செய்கிற செல், பிறகு கையளவு ஏற்றுகிற கதிரியக்க மருந்தைப் பிடித்து வைத்துக்கொண்டுவிடும். வேலை செய்யாத செல் விட்டுவிடும். பெட் ஸ்கேன் காமிராவில் பார்த்தால், மரபணு எங்கே உயிரோடிருக்கிறதோ அந்த இடம் மட்டும் விளக்கேற்றின மாதிரி தெரியும். அதே எலியை மறுபடி மறுபடி படமெடுத்து, சில நாள் பிரகாசித்துப் பிறகு மங்கிப்போனதைக் கண்டார்கள். படமெடுப்பதற்காக எலியைக் கீறவே வேண்டியிருக்கவில்லை!

வியாதியை முளையிலேயே படம்பிடிக்கும் வழிகளுக்காக உழைத்த அந்த மனிதரின் ஒரே பிள்ளை, மூளைக் கட்டியால் 2015-ல் பதினாறு வயதில் இறந்துபோனான். அவரும் 2020-ல் புற்றுநோயில் காலமானார். இதைப் படித்த அன்று எனக்கு அடுப்படிக்குப் போகவே மனசு வரவில்லை.

இந்த வேவுகார முறை மனித இருதயத்தில் இன்னும் வழக்கத்துக்கு வரவில்லை. வேவுகாரனே ஒரு அன்னியப் பொருள், உடம்பு அதை எதிர்க்கலாம், கதிரியக்கமும் சேர்கிறது. ஆகவே இன்றைக்கு மனிதர்களுக்கு ஜீன் சிகிச்சை செய்கிறவர்கள் நம்பியிருப்பது பெரும்பாலும் நாம் தில்லைநகரில் பார்த்த அதே எக்கோவையும் எம்.ஆர்.ஐ.யையும்தான். டேனன் என்று ஒரு அபூர்வ வியாதி. செல்லுக்குள் குப்பை அள்ளுகிற வேலை நின்றுபோய், பையன்களின் இருதயம் தடித்து, இருபது வயதைத் தாண்டுவதே கஷ்டம். ஏழு பேருக்கு ஒரே ஒரு தடவை கைநரம்பில் மரபணுவை ஏற்றி, 2024 நவம்பரில் விவரம் வெளியிட்டார்கள். தடிப்பு குறைந்து, இருதயத்தின் எடையே குறைந்ததை எக்கோ காட்டியது. தராசு இல்லாமல் எடையா என்கிறீர்களா? சுவரின் தடிமனும் உள்ளறையின் அகலமும் தெரிந்தால், எடையைக் கணக்குப் போட்டுவிடலாம். ஏற்கெனவே மிகவும் தளர்ந்திருந்த ஒரு பையனுக்கு மட்டும் மாற்று இருதயம் பொருத்த வேண்டி வந்தது. அடுத்த கட்டப் பரிசோதனையில் 2025-ல் ஒருவர் இறந்தும்போனார். அதையும் மறைக்காமல் சொல்லவேண்டும்.

எங்கள் வீட்டு வியாதிக்கான எம்.ஒய்.பி.பி.சி.3 மரபணுவை ஏற்றும் பரிசோதனையும் 2023-ல் அமெரிக்காவில் தொடங்கியது. கொஞ்சம் பேர்தான். அது பரிசோதனை, கடையில் வாங்குகிற மருந்தல்ல. மன்னியின் பிள்ளை இதையெல்லாம் கம்ப்யூட்டரில் தேடித் தேடிப் படிக்கிறான். "எலிக்குப் பதினேழு மில்லிமீட்டர் எவ்வளவு பெருசு தெரியுமா சித்தி?" என்று கேலி வேறு. மாத்திரை சாப்பிடுகிறான், வெயிலில் தண்ணீர் குடிக்காமல் அலைவதில்லை, நடக்கிறான், ஓடுவதில்லை. வருஷத்துக்கு ஒரு எக்கோ. மன்னி அந்த ரிப்போர்ட்டுகளை, அவன் ஜாதகம் இருக்கிற மஞ்சள் பையிலேயே வைத்திருக்கிறார். பெண் பார்க்கிற காலம் வந்தால் இரண்டையும் சேர்த்தே கொடுப்பேன் என்கிறார். உறவுக்காரர்களில் சிலருக்கு இதில் சம்மதமில்லை. எனக்கு மன்னி சொல்வதுதான் சரியென்று படுகிறது. பிறக்கிற குழந்தைக்குப் பாதிக்குப் பாதி என்று தெரிந்துகொண்டு வருகிற பெண் வரட்டும்.

கரூர் சகோதரிக்கு: ஜீன் மருந்து இன்றைக்கு உங்கள் பையனுக்குக் கிடைக்காது. எக்கோ கிடைக்கும். அரசு மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரிகளின் இருதயப் பிரிவிலும் பார்க்கிறார்கள். மாமனார், கொழுந்தனார் இறந்த வயது, எப்படி இறந்தார்கள், வேறு யாருக்காவது ஓடும்போது மயக்கம், படபடப்பு உண்டா என்று ஒரு தாளில் வரிசையாக எழுதி எடுத்துப் போங்கள். உங்கள் கணவரையும் கூட அழைத்துப் போங்கள். அவர்தான் முதலில் பார்த்துக்கொள்ள வேண்டியவர். இப்போது சரியாக இருந்தாலும் அதோடு முடிந்ததில்லை. வளருகிற பிள்ளைகளுக்கு ஒன்றிரண்டு வருஷத்துக்கு ஒரு தடவை, பெரியவர்களுக்கு மூன்றிலிருந்து ஐந்து வருஷத்துக்கு ஒரு தடவை மறுபடி பார்க்கச் சொல்கிறார்கள். எங்கள் பெண்ணுக்கு அடுத்த முறை வருகிற தை மாதம். பையன் பள்ளிக்கூடத்தில் கபடி ஆடுகிறான் என்று எழுதியிருக்கிறீர்களே, எக்கோ பார்க்கும் வரை மைதானத்துக்கு அனுப்பாதீர்கள். பரீட்சை முடியட்டும் என்று தள்ளாமல் இந்த மாதமே போய்விட்டு, சுவர் எத்தனை மில்லிமீட்டர் என்று எனக்கு எழுதுங்கள்.